மஞ்சள் கரு வேறு, உட்கரு வேறு: அடுப்படிப் பொருள்களை வைத்து செல்லைப் பார்ப்பது எப்படி

அக்கா மகள் எட்டாவது படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் செல் படம் வரைந்துகொண்டு வந்து காட்டினாள். ஆஃப்பாயில் போட்ட மாதிரி ஒரு வட்டம், நடுவில் ஒரு பொட்டு, சுற்றிலும் நெளிநெளியாக நாலைந்து உருவம், ஒவ்வொன்றுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்துப் பெயர். முழு மார்க் விழும் படம்தான். "இந்த மாதிரி செல் எதுல இருக்குது, கண்ணு?" என்று கேட்டேன். "எல்லாத்துலயும் இருக்குதுங்க மாமா" என்றாள். சிக்கல் அங்கேதான். செல் எல்லா உயிரிலும் இருக்கிறது, ஆனால் அந்தப் படத்தில் உள்ள மாதிரியே ஒரு செல்லை எங்கே தேடினாலும் பிடிக்க முடியாது. பத்து விதமான செல்லில் தெரிகிற பாகங்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்ட படம் அது.

அதனால் நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது தலைகீழான வழி. ஒரு பொருளை எடு, அதில் எந்தப் பாகம் நன்றாகத் தெரியுமோ அதை மட்டும் பார், பார்த்ததை மட்டும் வரை. வெங்காயத்தில் சுவர், கன்னத்தில் உட்கரு, மஞ்சள் கிழங்கில் சேமிப்பு என்று ஒவ்வொன்றாகப் போனால் ஒரு மாத ஞாயிற்றுக்கிழமைகளில் செல் பாடம் முடிந்துவிடும். எல்லாம் நம்ம ஊர்ச் சந்தையில் கிடைக்கிற சாமான்தான். நான் உயிரியல் வாத்தியார் இல்லை. பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பஞ்சின் தரம் பார்க்கும் வேலை, அதனால் மைக்ரோஸ்கோப்பில் கை பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் வாரம்: முட்டை, லென்ஸே வேண்டாம்

பண்ணை முட்டை ஒன்றை வெள்ளைத் தட்டில் உடைத்து ஊற்றுங்கள். நாமக்கல் முட்டையே போதும். மஞ்சள் கரு உடையாமல் இருக்க வேண்டும். அந்த மஞ்சள் உருண்டை முழுவதும் சேர்ந்து ஒரே ஒரு செல். ஆமாம், வெறும் கண்ணால் பார்க்கிற செல். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் மஞ்சளின் மேல் வெளிறிய வெள்ளைப் புள்ளி ஒன்று தெரியும், மிளகைவிடக் கொஞ்சம் சின்னதாக. தெரியவில்லை என்றால் ஸ்பூனால் மெதுவாகப் புரட்டி விடுங்கள். செல்லின் உயிருள்ள சரக்கு, அதாவது சைட்டோபிளாசம் என்ற கூழும் உட்கருப் பொருளும், அந்தப் புள்ளிக்குள்தான் இருக்கிறது. மீதி மஞ்சள் எல்லாம் குஞ்சுக்குக் கட்டி வைத்த சோறு.

இங்கே தமிழே நம்மைக் குழப்பிவிடுகிறது. மஞ்சள் கரு, வெள்ளைக் கரு என்று வீட்டில் சொல்கிறோம், பாடத்தில் நியூக்ளியசுக்கு உட்கரு என்று போட்டிருக்கிறது. இரண்டிலும் "கரு" இருப்பதால் மஞ்சள் கருதான் உட்கரு, வெள்ளைக் கருதான் சைட்டோபிளாசம் என்று பாதிப் பிள்ளைகள் மனதில் பதிந்துபோகிறது. ஆஃப்பாயில் மாதிரியே படம் வரைவதும் அதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். வெள்ளைக் கரு செல்லுக்கு வெளியே இருக்கிறது, கோழியின் முட்டைக் குழாய் மேலே சுற்றி விட்ட புரத நீர் அது. மஞ்சளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலையும் செல் சவ்வு என்று நினைத்துவிடாதீர்கள். அது மேலே போர்த்திய தனி உறை, சவ்வு அதற்கும் உள்ளே, கண்ணுக்கு அகப்படாத மெல்லிசில் இருக்கிறது.

சேவலோடு மேயும் நாட்டுக்கோழி முட்டை கிடைத்தால் பக்கத்தில் உடைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். கருக்கட்டிய முட்டையில் புள்ளி கொஞ்சம் பெரிதாக, ஓரம் தெளிவாக, வளையம் போட்ட மாதிரி இருக்கும். முட்டை இடுவதற்கு முன்பே, கோழி வயிற்றுக்குள் இருக்கும்போதே, அந்த ஒரு செல் பிரிந்து பிரிந்து ஆயிரக்கணக்கான செல் ஆகிவிட்டிருக்கும். பண்ணையில் சேவலே கிடையாது, அதனால் அந்த முட்டையின் புள்ளி அப்படியே ஒற்றையாக நின்றுவிடுகிறது. செல் பிரிதல் என்ற பாடத்தை இந்த இரண்டு தட்டுக்கு நடுவில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் ஒரு ஜென்மத்துக்கும் மறக்காது.

சரி, இது இவ்வளவு பெரிதாக இருக்கும்போது மற்ற செல்லெல்லாம் ஏன் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னது? ஒரே அளவு எடையில் அச்சுவெல்லம் ஒன்றும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை கொஞ்சமும் எடுத்து இரண்டு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். சர்க்கரை உடனே கரையும், அச்சு உட்கார்ந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தொடுகிற மேற்பரப்புதான் வித்தியாசம். செல்லுக்கும் சோறும் மூச்சும் உள்ளே போவது, கழிவு வெளியே வருவது எல்லாம் மேல்தோல் வழியாகத்தான். 1 சென்டிமீட்டர் கனசதுரத்துக்கு மேற்பரப்பு 6, கன அளவு 1. பக்கத்தை இரட்டிப்பாக்கி 2 சென்டிமீட்டர் ஆக்கினால் மேற்பரப்பு 24 ஆகிறது, வயிறோ 8 ஆகிவிடுகிறது. வயிறு பெருக்கிற வேகத்துக்கு வாய் பெருப்பதில்லை. மஞ்சள் கரு தப்பிப்பதற்குக் காரணம், அதன் வயிறு முழுக்கச் சும்மா கிடக்கிற சேமிப்பு, வேலை செய்கிற பகுதி அந்தத் துளிப் புள்ளி மட்டும்.

சாமான்கள்

ஒரு ஸ்டூடன்ட் மைக்ரோஸ்கோப் வேண்டும். கண் வைக்கும் லென்ஸ் 10 மடங்கு, கீழே 4, 10, 40 மடங்கு என்று மூன்று லென்ஸ் இருந்தால் ஏராளம். 10-ஐயும் 40-ஐயும் பெருக்கினால் 400 மடங்கு, அதற்கு மேல் வீட்டில் தேவைப்படாது. நான் முதலில் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்: ஆன்லைனில் 1200 மடங்கு என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த பொம்மை மைக்ரோஸ்கோப் ஒன்றை வாங்கினேன், வெங்காயத்தை வைத்தால் மார்கழிப் பனியில் ஊட்டி ரோடு பார்த்த மாதிரி இருந்தது. பெரிதாக்குவது வேறு, பிரித்துக் காட்டுவது வேறு. நல்ல ஒளி மைக்ரோஸ்கோப்பே மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே உள்ள இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டாது, அது வெளிச்சத்தின் குணம், லென்ஸ் விலையைக் கூட்டி அதைத் தாண்ட முடியாது.

அவ்வளவு செலவு செய்ய முடியாதவர்களுக்கு ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. மீரட்டில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்யும் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியில் கொண்டுவந்த, காகிதத்தை மடித்துச் செய்யும் மைக்ரோஸ்கோப். 140 மடங்கு காட்டும், கீழே உள்ளதில் முக்கால்வாசி அதிலேயே தெரியும்.

அப்புறம், கண்ணாடி சிலைடு, அதன் மேல் மூடுகிற மெல்லிய கவர் ஸ்லிப், புது சவரப் பிளேடு, டிஷ்யூ பேப்பர், மருந்துக் கடையில் புண்ணுக்குப் போடத் தருகிற அயோடின் மருந்து, மீன் தொட்டிக் கடையில் மீன் நோய்க்கு விற்கும் மெத்திலீன் புளூ. அயோடினை அப்படியே ஊற்றாமல் ஒரு பங்குக்கு நாலைந்து பங்கு தண்ணீர் கலந்து வெளிர் டீ நிறத்துக்குக் கொண்டுவாருங்கள். மெத்திலீன் புளூ கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது, வெள்ளை வேட்டியில் பட்டால் அந்த வேட்டி வீட்டு வேலைக்குத்தான். பிளேடு பெரியவர்கள் கையில் இருக்கட்டும். கண்ணாடி வைத்து வெளிச்சம் பிடிக்கிற மைக்ரோஸ்கோப்பாக இருந்தால் அதை நேராகச் சூரியனுக்குத் திருப்பவே கூடாது, கண் போய்விடும். வெளிச்சமான வானம், இல்லை டியூப்லைட், அதுவே போதும்.

வெங்காயம்: சுவரும் சவ்வும்

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்தான் ருசி, இந்த வேலைக்குப் பெரிய வெங்காயம்தான் தோது. சின்னதில் வளைவு அதிகம், தோல் சுருண்டுவிடும். நாலாக வெட்டி ஒரு இதழை எடுத்து, குழிவான உள்பக்கத்தில் இருந்து வெளிப்பக்கமாக முறியுங்கள். முறிந்த இடத்தில் பாலித்தீன் மாதிரி ஒரு ஜவ்வு தொங்கும். அதை மெதுவாக உரித்து, சிலைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதன் மேல் விரியுங்கள். மடிப்பு விழுந்தால் ஊசியால் நீவி விடுங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு ஓரம் ஊன்றிச் சாய்த்து, மெதுவாக இறக்க வேண்டும், தொப்பென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொள்ளும்.

இந்தக் குமிழியைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். அக்கா மகள் முதல் நாள் ஆசை ஆசையாக வரைந்து முடித்த "செல்" எல்லாம் குமிழிதான். மை போட்டு வரைந்த மாதிரி தடித்த கறுப்பு ஓரத்தோடு, உள்ளே ஒன்றுமே இல்லாமல், அச்சு அசல் வட்டமாக இருந்தால் அது காற்று. வெங்காயச் செல் வட்டமாகவே இருக்காது. செங்கல் சுவர் மாதிரி, நீள நீளக் கட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கும்.

முதலில் 4 மடங்கு லென்ஸில் பார்த்து இடம் பிடித்து, அப்புறம் 10, அப்புறம் 40. நேராக 40-க்குத் தாவினால் லென்ஸ் கண்ணாடியில் இடிக்கும், கவர் ஸ்லிப் உடையும். கவர் ஸ்லிப்பின் ஒரு ஓரத்தில் அயோடின் ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் டிஷ்யூ பேப்பரை வைத்தால் அதுவாகவே மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பழுப்பு உருண்டை தெரியும். அதுதான் உட்கரு. 1831-இல் ராபர்ட் பிரவுன் ஆர்கிட் செடியின் தோலில் பார்த்துப் பெயர் வைத்த அதே சங்கதி. புத்தகத்தில் மாதிரி நடுவில் இல்லையே, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று கேட்பீர்கள். நடுவில் தண்ணீர் நிரம்பிய பெரிய குமிழ்ப்பை உட்கார்ந்திருக்கிறது. தாவரச் செல்லில் முக்கால் இடத்துக்கு மேல் அது பிடித்துக்கொள்ளும், சைட்டோபிளாசமும் உட்கருவும் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்க வேண்டியதுதான். கூரையில் போட்ட வெங்காயம் வதங்கிச் சுருங்குவதும், தண்ணீர் விட்ட கீரை ஒரு மணி நேரத்தில் நிமிர்ந்து நிற்பதும் இந்தப் பை காலியாவதாலும் நிறைவதாலும்தான்.

அளவு எடுக்கத் தனிக் கருவி வேண்டாம். 4 மடங்கு லென்ஸில் சிலைடுக்குப் பதில் பிளாஸ்டிக் ஸ்கேலை வையுங்கள். வட்டத்தின் குறுக்கே எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணுங்கள், பெரும்பாலும் நாலரை வரும். அப்படியானால் 10 மடங்கு லென்ஸில் அந்த வட்டம் 1.8 மில்லிமீட்டர். அதில் வெங்காயச் செல் நீளவாக்கில் ஆறு அடங்கினால் ஒரு செல் 0.3 மில்லிமீட்டர். கணக்குப் போட்டு அந்த எண் வந்ததும் பிள்ளை முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காகவே இதைச் செய்யலாம்.

இனி உப்பு. இதைத் தவற விடாதீர்கள், எனக்கு மொத்தத்தில் மிகவும் பிடித்தது இதுதான். இந்தத் தடவை இதழின் வெளிப்பக்கத்து ஊதாத் தோலை எடுங்கள், நிறமுள்ள இடமாக. ஊதா நிறம் குமிழ்ப்பைத் தண்ணீரில் கரைந்திருப்பதால் செல் முழுக்க ஊதாவாகத் தெரியும். அரை டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் கல்லுப்பைக் கரைத்து, முன்பு அயோடின் விட்ட மாதிரியே ஓரத்தில் விட்டு டிஷ்யூவால் இழுங்கள். கண்ணை எடுக்காமல் பாருங்கள். முதலில் மூலைகளில் ஊதா விலகும். அப்புறம் எல்லாப் பக்கமும் சுவரை விட்டு உருவிக்கொண்டு, கட்டத்தின் நடுவில் ஊதா உருண்டையாகச் சுருங்கும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும். ஊதாவின் அந்த வழவழப்பான ஓரம் இருக்கிறதே, அங்கேதான் செல் சவ்வு இருக்கிறது. சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, எந்தப் பள்ளி மைக்ரோஸ்கோப்பிலும் நேராகத் தெரியாது, ஆனால் அது பிடித்து நிற்கிற எல்லையைப் பார்த்துவிட்டீர்கள். தண்ணீரைச் சுலபமாக விடும், உப்பை அவ்வளவு சுலபத்தில் விடாது, அதனால் உப்பு அதிகம் உள்ள பக்கத்துக்குத் தண்ணீர் ஓடிவிடுகிறது. சவ்வூடு பரவல் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். உடனே நல்ல தண்ணீரை விட்டு இழுத்தால் ஊதா மறுபடி விரிந்து சுவரைத் தொடும். ரொம்ப நேரம் உப்பில் விட்டுவிட்டால் திரும்பாது, செத்துவிடும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றோரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு நிறையப் போடுவார்கள், அந்த உப்புத் தண்ணீர் ஆற்றில் கலந்து, 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விவகாரம் முற்றியது. வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், செடி வாடும். ஈரம் இருந்தும் ஏன் காய்கிறது என்பதற்குப் பதில் உங்கள் சிலைடில் சுருங்கிக் கிடக்கிற ஊதா உருண்டையில் இருக்கிறது. வேர்ச் செல்லுக்குள் இருப்பதைவிட மண்ணில் உப்பு அதிகமானால் வேர் எதை உறிஞ்சும்?

கன்னம், தயிர்

வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, இயர் பட் பஞ்சால் கன்னத்தின் உள்பக்கத்தை மெதுவாகத் தேய்த்து சிலைடில் தடவுங்கள். காய்ந்ததும் மெத்திலீன் புளூ ஒரு சொட்டு, ஒரு நிமிடம் கழித்து மெதுவாகக் கழுவி கவர் ஸ்லிப் போடுங்கள். அவரவர் செல்லை அவரவர் எடுத்துக்கொள்வது, தேய்த்த இயர் பட்டை உடனே குப்பையில் போட்டுவிடுவது. சப்பையான, ஒழுங்கற்ற ஓரமுள்ள நீலத் துண்டுகள் தெரியும், நடுவில் அழுத்தமான நீலப் பொட்டு. வெங்காயத்தில் ஓரத்தில் கிடந்த உட்கரு இங்கே நடுவில். சுவரும் இல்லை, பெரிய குமிழ்ப்பையும் இல்லை, அதனால் தோல் மடிந்தும் சுருண்டும் கிடக்கும். அகலம் 0.05 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், வெங்காயச் செல்லின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. விலங்குச் செல்லுக்கும் தாவரச் செல்லுக்கும் உள்ள வேறுபாடு என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதைவிட இந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரையச் சொல்லுங்கள், அட்டவணை தானாக வரும்.

அந்தச் செல்லின் மேல் பொடிப்பொடியாக நீலப் புள்ளிகள் ஒட்டியிருந்தால் அழுக்கு என்று நினைக்காதீர்கள், அது வாயில் குடியிருக்கும் பாக்டீரியா. இன்னும் தெளிவாகப் பார்க்கத் தயிர் மேல் நிற்கும் தெளிந்த தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மெல்லிசாகத் தடவி, காயவிட்டு, அதே நீலம். 400 மடங்கில் குட்டிக் குட்டிக் குச்சிகளும், மணி கோத்த மாதிரிப் புள்ளிகளும் தெரியும். நீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று தேடினால் ஒன்றும் பிடிபடாது. உட்கருவுக்கு உறையே இல்லாத செல் இது, டிஎன்ஏ உள்ளே அப்படியே சுருண்டு கிடக்கும்.

தயிரை எதற்கு இழுத்தேன் என்றால், மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றிச் சொல்ல. நாம் தின்கிற சோற்றில் இருந்து செல்லுக்குக் கரண்ட் எடுத்துக் கொடுப்பது அதுதான், ஏடிபி என்ற வடிவில். அதை உங்கள் மைக்ரோஸ்கோப்பில் கன்னச் செல்லுக்குள் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் அதன் அளவு என்ன என்று கேட்டால், தயிரில் பார்த்த அந்தக் குச்சி அளவேதான். பொருந்துவது அளவு மட்டும் இல்லை. அதற்கென்று தனியாக வளைய டிஎன்ஏ இருக்கிறது, தானாகவே இரண்டாகப் பிரிகிறது. ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியா பெரிய செல்லுக்குள் புகுந்து அங்கேயே தங்கிவிட்டதுதான் மைட்டோகாண்ட்ரியா என்று லின் மார்குலிஸ் 1967-இல் எழுதியபோது நம்ப ஆளில்லை, இன்றைக்கு அது பாடம். நமக்கு அது அம்மா வழியில் மட்டும் வருகிறது, அம்மாவுக்கு அம்முச்சியிடம் இருந்து. இதைச் சொன்னதும் எங்கள் அம்மாவுக்கு ஒரே பெருமை.

வாய்க்கால் பாசி

ஹைட்ரில்லா என்ற நீர்ச்செடி வாய்க்காலிலும் குளத்திலும் கிடைக்கும், இறங்க வேண்டாம், மீன் தொட்டிக் கடையிலும் வைத்திருப்பார்கள். நுனிப்பக்கம் உள்ள இளம் இலை ஒன்றைக் கிள்ளி, அதே தண்ணீரில் முழுசாக சிலைடில் வையுங்கள். இலையே இரண்டு செல் தடிமன்தான், வெட்டவும் வேண்டாம் மருந்தும் வேண்டாம். கட்டத்துக்குள் பச்சை மணிகள் நிறைந்திருக்கும், வெளிச்சத்தை வைத்துச் செடிக்குச் சோறு சமைக்கிற பசுங்கணிகங்கள் அவை. விளக்கு வெளிச்சத்தில் பத்து இருபது நிமிடம் விட்டுவிட்டு 400 மடங்கில் பாருங்கள். பச்சை மணிகள் சுவரோரமாக வரிசை பிடித்து நகரும், தேர் வீதியில் சுற்றி வருகிற மாதிரி. மணிகளுக்குக் கால் இல்லை, சைட்டோபிளாசம்தான் ஓடுகிறது, மணிகள் அதில் மிதந்து போகின்றன. முதல் தடவை தெரியவில்லை என்றால் இலையை மாற்றுங்கள், தண்ணீர் சில்லென்று இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பாக்குங்கள். செத்த படத்தையே பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு இது ஓடுவதைப் பார்த்த பிறகு எதுவும் விளக்கத் தேவைப்படாது, நீங்கள் நகர்ந்துகொள்வது நல்லது.

மஞ்சள்

பொங்கல் சமயத்தில் மஞ்சள் கொத்து எல்லாச் சந்தையிலும் குவிந்து கிடக்கும். அந்தப் பச்சைக் கிழங்கைப் பிளேடால் வெளிச்சம் ஊடுருவுகிற மெல்லிசில் சீவுங்கள். பத்துச் சீவினால் ஒன்று தேறும். தண்ணீரில் வைத்துப் பார்த்தால் நிறம் எங்கும் ஒரே மாதிரி இருக்காது. நிறமில்லாத செல்கள் நிறைய, அவற்றின் நடுவே அங்கங்கே ஆரஞ்சு மஞ்சளாக எண்ணெய் நிரம்பிய செல்கள். மஞ்சளின் நிறம் கிடங்கு மாதிரித் தனிச் செல்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நிறமில்லாத செல்களில் அயோடின் விட்டால் உள்ளே மாவுச்சத்து மணிகள் கருநீலமாக எழுந்து வரும். வெங்காயத்தில் இந்தக் கருநீலம் வரவில்லையே என்று யாராவது கவனித்திருந்தால் அவர்களுக்கு ஒரு மிட்டாய் கொடுங்கள், வெங்காயம் மாவாகச் சேமிப்பதில்லை.

அடுத்து, வேகவைத்த கிழங்கைச் சீவிப் பாருங்கள். ஈரோட்டுப் பக்கம் மஞ்சளைத் தோண்டியதும் வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள். வெந்ததில் பூட்டு உடைந்து நிறம் பக்கத்துச் செல்களுக்கெல்லாம் பரவியிருக்கும், மணி மணியாக இருந்த மாவு வெந்து களியாகி செல் முழுக்க அடைத்திருக்கும். மஞ்சள் காய்ந்து ஒரே சீராக மின்னுவதும், உடைத்தால் கொம்பு மாதிரி டக்கென்று முறிவதும் அதனால்தான். எந்த மைக்ரோஸ்கோப்பும் இல்லாமல் இந்தப் பக்குவத்தைக் கண்டுபிடித்த ஆட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

கண்ணுக்கு வராதவை

ரைபோசோம், எண்டோபிளாச வலை, கோல்கை உறுப்பு எல்லாம் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் சமாசாரம். வீட்டில் தெரியாது, தெரிந்ததாகப் பொய்யாக வரையவும் வேண்டாம். என்ன வேலை செய்கிறது என்று சொல்லிவிடலாம். பாடத்தில் செல்லைத் தொழிற்சாலை என்பார்கள், எந்தத் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். மூலப் பேட்டர்ன் ஆஃபீஸ் பீரோவுக்குள் இருக்கும், அது டிஎன்ஏ. அதைக் கட்டிங் டேபிளுக்கு யாரும் தூக்கிக் கொடுக்க மாட்டார்கள், காப்பி போட்டுத்தான் அனுப்புவார்கள், அது ஆர்என்ஏ. காப்பியைப் பார்த்துத் தைக்கிற டெய்லர் ரைபோசோம், தைப்பது புரதம். தைத்ததை மடித்து, லேபிள் போட்டு, எந்த ஊருக்கு என்று பிரித்து அட்டைப்பெட்டி கட்டுவது கோல்கை. ஆர்டருக்குத் தகுந்த மாதிரிக் காப்பி வரும். ஒரே உடம்பில் கண் செல்லும் தோல் செல்லும் ஒரே பீரோவை வைத்துக்கொண்டு வேறு வேறு சரக்குப் போடுவது அப்படித்தான். உவமை அங்கேயே நிற்கட்டும், அதற்கு மேல் இழுத்தால் கிழிந்துவிடும், ஏனென்றால் எந்தக் கம்பெனியும் தன் மெஷினையும் சுவரையும் தானே தைத்துக்கொண்டு, ஒரு நாள் இரண்டு கம்பெனியாகப் பிரிந்து நிற்பதில்லை.

கடைசியாக, பஞ்சு

துணிக்காரர்கள் கதையில்தான் செல்லின் கதையும் தொடங்குகிறது. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்துச் சின்னச் சின்ன அறை மாதிரி இருக்கிறது என்று செல் எனப் பெயர் வைத்தார். அவர் பார்த்தது செத்த செல்லின் வெறும் சுவர். அடுத்த பத்து வருடத்தில் உயிரோடு நெளிகிற ஒற்றைச் செல் உயிர்களைப் பார்த்தவர் ஆலந்தில் டெல்ஃப்ட் ஊரின் ஜவுளி வியாபாரி லேவன்ஹூக். துணியின் இழையைப் பார்க்க அந்தக் காலத்து ஜவுளிக்காரர்கள் லென்ஸ் வைத்திருப்பார்கள். இன்றைக்கும் திருப்பூரில் துணி ஆர்டரைக் கவனிக்கிற மெர்சன்டைசர் பாக்கெட்டில் இழை எண்ணும் மடக்குக் கண்ணாடி ஒன்று கிடக்கும்.

பருத்திக் காயில் இருந்து ஒரு விதையை எடுத்து, ஒரே ஒரு பஞ்சு இழையைப் பிரித்துக் கறுப்புத் துணியில் வையுங்கள். 28, 30 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அதுவும் ஒரே செல். விதைத் தோலின் மேல்பரப்பில் உள்ள ஒரு செல், பூ மலர்கிற நாளில் முளைவிட ஆரம்பித்து, மூன்று வாரம் போல நீண்டுகொண்டே போய், அப்புறம் உள்பக்கமாக செல்லுலோஸ் என்ற நார்ப்பொருளை ஒரு படலம் மேல் ஒரு படலமாகப் பூசிப் பூசிச் சுவரைத் தடிமனாக்குகிறது. ஒரு விதைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் இப்படி. நீளம் மூன்று சென்டிமீட்டர், அகலமோ மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு, அதனால் அச்சுவெல்லம் மாதிரி இதற்கு மூச்சு முட்டுவதில்லை. கோயம்புத்தூரில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு பருத்தி ரகங்களைக் கலப்பினம் செய்து 1974-இல் வெளியிட்ட சுவின் பருத்தி இன்னும் நீளம், செல் ஒன்று 36, 38 மில்லிமீட்டர் வரை போகும்.

இழையைத் தண்ணீரில் வைத்து 100 மடங்கில் பாருங்கள். தட்டையான நாடா, அங்கங்கே திருகிக்கொண்டு. காய் வெடித்ததும் உள்ளே இருந்த உயிர்ச்சரக்கு வற்றி, குழாய் அமுங்கி, முறுக்கிக்கொண்டது. அந்த முறுக்கு ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் பஞ்சு நூலாகிறது. முறுக்கே இல்லாமல் கண்ணாடிக் காகிதம் மாதிரி மெல்லிசாகக் கிடக்கிற இழைகளும் வரும். சுவர் பூசி முடிக்காமலே நின்றுபோன முதிராத செல் அவை. சாயம் பிடிக்காது, துணியில் வெள்ளைப் புள்ளியாக நின்று எங்களுக்குத் திட்டு வாங்கித் தரும். பதினெட்டு வருடமாக நான் சம்பளம் வாங்குவது, யோசித்துப் பார்த்தால், செல் சுவர் எவ்வளவு தடிமன் என்று பார்ப்பதற்குத்தான்.

இப்போது போட்டிருக்கிற பனியனின் ஓரத்தில் ஒரு இழையை உருவி அதே சிலைடில் பக்கத்தில் வையுங்கள். திருகிய நாடா என்றால் பருத்தி. கம்பி மாதிரி நேராக, வழவழவென்று, திருகலே இல்லாமல் இருந்தால் பெரும்பாலும் பாலியெஸ்டர், நூறு சதம் காட்டன் என்று லேபிளில் போட்டிருந்தாலும் சரி.